நுண்ணுயிர் கண்ட புடைவை வியாபாரி

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலிற் கிடக்கும் நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் டெல்வ்ற் என்பதாகும். அப்பெயர் இன்றும் தேசப்படங்களிற் காணப்படுகின்றது. அஃது ஒல்லாந்து தேசத்து நகரம் ஒன்றின் பெயர் என்பதை எம்மவருட் பலர் அறிவர். ஆயின் அந்நகரிலே 1632ஆம் ஆண்டு ஒன்றிலேயே பிறந்த மூவரை ஒருங்கே அறிந்தோர் சிலரே. ஒருவர் பல்டேயஸ் பாதிரியார். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது இங்கு வந்து, எமது குடாநாட்டைப் பற்றியும் எழுதிவைத்துச் சென்றவர். மற்றொருவர் உலகம் போற்றும் ஓவியர் வெர்மீர். மூன்றாமவரே இக்கட்டுரையின் நாயகரான அன்ரனி வான் லீவன்ஹுக். முதலிருவரும் நடுவயதைத் தாண்டுமுன்னரே மறைந்தனர். மூன்றாமவர் 90 ஆண்டு வாழ்ந்து, தம் காலம்வரை மனிதர் எவரும் காணாத உயிர்களைக் கண்டு மறைந்தார்.

இவரைப் பற்றி நாம் எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்வதிற் சிறிது நாணமும் உண்டு. நாம் முதன்முதலாக நுணுக்குக்காட்டியிற் கண் வைத்தது, நாம் கற்ற மிஷன் பாடசாலையின் ஆய்வுகூடத்திலேயாம். ஐந்து மாணாக்கருக்கு ஒரு கருவி. வெங்காயத்தின் உட்புறத்துத் தோலை மெல்ல உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரில் இட்டு, அயடீன் ஒரு துளி விட்டு, மெல்லிய மூடுகண்ணாடியால் மூடிவிட்டு எமது முறை வரும்வரை காத்திருந்தோம். முறை வந்தது. கரிய விளிம்புடைய அழகிய வட்டம் ஒன்று தெரிந்தது. இதுவே கலம் என்று மகிழ்ந்து கலச்சுவர், முதலுரு, கரு ஆகிய யாவற்றையும் குறித்து ஒரு படம் வரைந்து கொடுத்தோம். ஆசிரியர் குனிந்து பார்த்தார். நாம் கண்டது காற்றுக் குமிழ். கருவை எங்கே கண்டாய் என்று அவர் கேட்டார். பாடநூலிற் கண்டோம் என்பதே உண்மையான விடை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பாடநூல் என ஒன்று இல்லாத காலத்தில், எதைக் காணவேண்டும் என்று சொல்லித் தருவார் எவரும் இல்லாதபோது, ஒருவர் எவ்வாறு கண்டார் என்று அறியும் ஆசை அன்றுதான் எமக்கு உண்டாயிற்று.

லீவன்ஹுக் கல்விமான்களின் குடியிற் பிறந்தவரல்லர். தந்தையார் கூடை முடைபவர். மகன் சிறுபிள்ளையாய் இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். தாயார் மறுமணம் செய்தார். பிள்ளை அயலூர்ப் பள்ளியொன்றிற் சிறிதுகாலம் படித்து, பின்னர் உறவினர் வீட்டில் வளர்ந்து, 16 வயதில் அம்ஸ்ரடாம் நகருக்குப் புடைவை வியாபாரி ஒருவரிடம் தொழில் பழகச் சென்றது. இலத்தீன் மொழி அவருக்குக் கடைசிவரை தெரியாது. அக்காலத்து ஐரோப்பாவில் இலத்தீன் அறியாதவர் அறிஞர் சபையின் வாயிற்படியையும் மிதித்தல் அரிது. ஒல்லாந்த மொழி ஒன்றே அவர் வாழ்நாள் முழுவதற்கும் போதியதாயிற்று.

1654இல் டெல்வ்ற் நகருக்குத் திரும்பிய அவர் மணஞ்செய்து, வீடு வாங்கி, அதிலேயே புடைவைக் கடை வைத்தார். பிறந்த பிள்ளைகள் ஐவர்; அவருள் மரியா என்னும் மகள் ஒருத்தியே பிழைத்தாள். மனைவியும் 1666இல் இறந்தார். பின்னர் இரண்டாந் தாரமும் கொண்டார். 1660 முதல் நகர மண்டபத்தில் ஓர் உத்தியோகமும் அவருக்குக் கிடைத்தது. மண்டபத்தைத் திறத்தல், பூட்டுதல், துப்புரவாய் வைத்தல், குளிர்காலத்தில் நெருப்பு மூட்டுதல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான பதவி அது. பின்னர் நில அளவையாளருக்கான பரீட்சையிலும் தேறினார். மதுப்பீப்பாக்களை அளந்து சரிபார்க்கும் வேலையும் வந்து சேர்ந்தது. ஓவியர் வெர்மீர் கடனோடு இறந்தபோது, 1676இல் அவருடைய சொத்துக்களை நிருவகிக்கும் பொறுப்பையும் நகரத்தார் இவரிடமே ஒப்படைத்தனர். அளத்தலும் எண்ணுதலும் கணக்கு ஒப்புவித்தலுமே இவர் தொழிலாயிருந்தன என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னே வருவனவற்றுக்கு அது திறவுகோல்.

புடைவை வியாபாரிகள் இழைகளை எண்ணித் துணியின் தரம் அறிவதற்குச் சிறு வில்லையொன்றைக் கையில் வைத்திருப்பர். லீவன்ஹுக்குக்கு வில்லையில் மோகம் பிறந்தது அவ்வழியாலேயே என்று பொதுவாகக் கூறுவர். எவ்வழியாற் பிறந்ததாயினும், 40 வயதை எட்டுமுன்னர் அவர் தம் கையாலேயே வில்லை செய்யவும், அதைப் பதிக்க உலோகத் தகடு அடிக்கவும் கற்றுக்கொண்டார்.

அவர் செய்த கருவியை நேரிற் கண்டால் எமது மாணாக்கர் ஏமாற்றமடைவர். குழாய் இல்லை, மேடை இல்லை, ஆடி இல்லை. எமது இரு விரல் அகலமுள்ள இரண்டு பித்தளைத் தகடுகள். சிலவேளை வெள்ளித் தகடுகள். அவற்றுக்கிடையே குண்டூசித் தலை அளவான ஒரு கண்ணாடி வில்லை. ஒரு பக்கத்தில் ஓர் ஊசி. பார்க்கவேண்டிய பொருளை அதன் நுனியில் ஒட்டுவர். ஊசியை ஏற்றவும் இறக்கவும், வில்லைக்கு அணித்தாகக் கொண்டுவரவும் சிறு திருகாணிகள். நீரைப் பார்க்கவேண்டின் மயிர்போன்ற கண்ணாடிக் குழாயில் அதை எடுத்து ஊசியில் ஒட்டுவர். பின்னர் கருவியைக் கண்ணோடு ஒட்டப் பிடித்து வெளிச்சத்தை நோக்கித் திரும்ப வேண்டியதுதான். முழுக் கருவியும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

இரு வில்லைகளும் நீண்ட குழாயும் உள்ள கூட்டு நுணுக்குக்காட்டி அக்காலத்திலும் இருந்தது. பார்வைக்குப் பெரிதே, ஆயினும் அக்காலத்துக் கண்ணாடியின் குற்றத்தால் ஒரு வில்லையின் பிழையை மற்ற வில்லை பெருக்கிக் காட்டும். பொருளைச் சுற்றி நிறவிளிம்புகள் தோன்றி உருவம் மங்கும். ஏறக்குறைய 50 மடங்குக்கு மேல் அவற்றால் தெளிவாகக் காட்டுதல் அரிதாயிருந்தது. ஒரே வில்லை என்றால் பிழையும் ஒரு மடங்கே. ஆனால் ஒரே வில்லை மிகப் பெருக்கவேண்டுமாயின் அது மிகச் சிறியதாயும் உருண்டையாயும் இருத்தல் வேண்டும். கணக்கு இதுதான்: கண் வசதியாகப் பார்க்கும் தூரமான 250 மில்லிமீற்றரை வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். லீவன்ஹுக்கின் கருவிகளுள் இன்று எஞ்சியவற்றுள் மிக வல்லது உற்ரெக்ற் நகரில் உள்ளது. அது ஏறக்குறைய 270 மடங்கு பெருக்குவது. அப்படியாயின் அதன் குவியத்தூரம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. கண்ணிமை தகட்டில் உரசும்படி வைத்து, மூச்சையும் அடக்கி, மணிக்கணக்காகப் பார்த்தாலன்றி அதனூடே ஒன்றும் தெரியாது. அவ்வாறு அவர் 50 ஆண்டு பார்த்தார்.

கலம் என்னும் சொல்லின் பிறப்பையும் இவ்விடத்திலே சொல்லுதல் தகும். 1665இல் றொபேட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் மைக்குறோகிறாபியா என்ற பெரிய படநூலை இலண்டனில் வெளியிட்டார். அடைப்பான் செய்யும் தக்கைமரப் பட்டையை மெல்லிய சீவலாக அரிந்து கூட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தபோது, தேன்வதைபோன்ற சிற்றறைகள் தெரிந்தன. துறவிகள் வாழும் சிற்றறைக்கு வழங்கிய பெயரையே அவற்றுக்கும் இட்டார். அச்சொல்லையே நாம் இன்று கலம் என்கிறோம். ஆயின் ஹூக் கண்டவை உயிர் நீங்கிய வெற்றுச் சுவர்கள். ஆள் குடிபோன வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். வீட்டில் ஆளைக் கண்டவர் டெல்வ்ற் நகரத்துப் புடைவை வியாபாரிதான்.

அவ்வியாபாரியை வெளியுலகுக்கு அறிமுகஞ் செய்தவர் அதே நகரில் இருந்த றெயினியர் டி கிராவ் என்ற இளம் வைத்தியர். இலண்டன் றோயல் சொசைற்றி எனப்படும் வேத்தியற் கழகத்தின் செயலாளரான ஓல்டன்பேர்க்குக்கு 1673ஆம் ஆண்டு சித்திரையில் அவர் கடிதம் எழுதி, இங்கே ஒருவர் ஏனையோரின் கருவிகளை எல்லாம் வெல்லும் கருவி செய்கின்றார் என்று அறிவித்தார். சில மாதங்களில் டி கிராவ் இறந்துவிட்டார். அவர் திறந்துவைத்த வழி மூடவில்லை. லீவன்ஹுக் பூஞ்சணம், தேனீயின் கொடுக்கு, பேன் ஆகியவற்றைப் பற்றித் தாம் கண்டவற்றை எழுதினார். கழகம் அதனை மொழிபெயர்த்துத் தன் சஞ்சிகையில் அச்சிட்டது. அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து அவர் மரணம்வரை நீண்டது. அவர் நூலென்று எழுதியது ஒன்றுமில்லை. எழுதியன யாவும் கடிதங்களே. எடுத்த விடயத்திலிருந்து விலகுவார், மீள்வார், அயலார் சொன்னதையும் தாம் காலையிற் குடித்ததையும் இடையிற் செருகுவார். கட்டுரைப் பரீட்சைக்கு இவர் தோற்றியிருப்பின் புள்ளி குறைவாகவே கிடைத்திருக்கும். ஆனால் தாம் கண்டது எது, அதிலிருந்து தாம் ஊகித்தது எது என்று இரண்டையும் வேறு வேறாகச் சொல்லுவார். எமது வெங்காயப் படத்தில் இல்லாமற் போனது அதுவே.

1674ஆம் ஆண்டுக் கோடையில் அவர் டெல்வ்ற் நகருக்கு அணித்தான ஏரியொன்றுக்குச் சென்றார். கோடை வந்தால் அவ்வேரி நீர் கலங்கிப் பச்சையாகும். அது பனியினால் உண்டாவது என்று அயலூரார் நம்பினர். லீவன்ஹுக் ஒரு சிறு கண்ணாடிப் பாத்திரத்தில் அந்நீரை எடுத்துவந்து மறுநாள் பார்த்தார். சுருள்சுருளாகப் பச்சை நாடாக்கள் தெரிந்தன. எமது பாடநூல்களில் ஸ்பைரோகைரா என வரும் அல்கா அதுவே என்பர். அவற்றினிடையே பல நிறத்தினவான சிற்றுயிர்கள் மேலும் கீழும் சுழன்று நீந்தின. அதே ஆண்டில் தம் இரத்தத்தைப் பார்த்து, அது செந்நிறச் சிறு உருண்டைகள் மிதக்கும் நீர் என்றும் எழுதினார். ஒரு செங்கலம் நுண்மணலின் ஒரு மணியிலும் 25,000 மடங்கு சிறிது என்று கணித்தார். அவர் தந்த அளவு இன்றைய அளவாகிய 7 அல்லது 8 மைக்கிரோமீற்றருக்கு மிக அண்மையில் உள்ளது. அளவுகோல் இல்லாமல், மணல்மணியையும் தலைமயிரையும் பேனின் கண்ணையும் அளவாக வைத்துக்கொண்டு ஒருவர் இவ்வளவு கிட்ட வந்தது எமக்கு இன்றும் வியப்பே.

அடுத்து நடந்தது மிளகின் கதை. கிழக்கு நாடுகளிலிருந்து ஒல்லாந்தக் கம்பனிக் கப்பல்கள் மிளகை மூட்டை மூட்டையாகக் கொண்டு சென்று இறக்கிய காலம் அது. மிளகு ஏன் நாக்கைக் கடிக்கின்றது என்பதை அறிய லீவன்ஹுக் விரும்பினார். முள் உண்டோ என்று பார்ப்பதற்காக மிளகை ஊறவைத்தார். மூன்று கிழமை கழிந்து, 1676ஆம் ஆண்டு சித்திரை 24ஆந் தேதி, ஊறிய நீரைப் பார்த்தார். முள் இல்லை. நீர் முழுவதும் உயிர்கள்! அவற்றுள் சில, அவர் அதுவரை கண்ட சிற்றுயிர்களிலும் மிகச் சிறியன. ஆயிரக்கணக்கானவற்றை அடுக்கினும் ஒரு மணல்மணிக்கு ஈடாகா என்று தோன்றின. நாம் பற்றீரியா என்று சொல்லும் உயிரினத்தை மனிதக்கண் முதன்முதலாகக் கண்டது அப்போதேயாம். உறைப்பின் காரணம் அவருக்கு அகப்படவில்லை. அது பின்வந்த இரசாயன நூலாருக்கென நின்றுவிட்டது.

மழைநீரிலும் இவ்வுயிர்களைக் கண்டபோது, அவை வானத்திலிருந்து வந்தனவா என்னும் வினா எழுந்தது. அதற்கு அவர் செய்த பரிசோதனை எளிது. நன்றாகக் கழுவிய பாத்திரத்தை நிலத்துச் சேறு தெறியாவண்ணம் உயரத்தில் வைத்து, முதலிற் பிடித்த நீரை ஊற்றிவிட்டு, மீண்டும் பிடித்துப் பார்த்தார். உயிர் ஒன்றும் இல்லை. நாள்தோறும் பார்த்துக்கொண்டே வந்தார். சில நாள் கழித்தே அவை தோன்றின. ஆகவே மழையோடு அவை விழவில்லை என்று துணிந்தார். இன்று ஆய்வுகூடத்தில் நாம் செய்யும் ஒப்பீட்டுச் சோதனையின் வித்து இதில் இருக்கின்றது.

இவற்றையெல்லாம் ஒரு நீண்ட கடிதமாக அதே ஆண்டு ஐப்பசி மாதம் இலண்டனுக்கு அனுப்பினார். கழகத்தார் நம்பவில்லை. அவர்களை நாம் குறைகூறவும் முடியாது. ஒரு துளி நீரில் ஒரு நாட்டுச் சனத்தொகைக்கு ஒப்பான உயிர்கள் என்று ஒரு புடைவைக்காரர் எழுதினால், நம்புவதற்கு முன் எவரும் சான்று கேட்பர். லீவன்ஹுக் எட்டுப் பேரின் சாட்சிப் பத்திரங்களை அனுப்பினார். பாதிரிமாரும் நொத்தாரிசும் அவருள் அடங்குவர். நொத்தாரிசு ஒப்பம் வைத்தால் விஞ்ஞானம் உறுதியாகுமா என்று இன்று நாம் நகைக்கலாம். கழகத்தாரும் அதோடு அமையாது, தம் கண்ணாற் காண முயன்றனர். முதலிற் செய்த முயற்சிகள் தோற்றன. றொபேட் ஹூக் மெல்லிய கண்ணாடிக் குழாய்களைச் செய்து, மிளகை நீரில் ஊறவைத்து நாட்கணக்காகக் காத்திருந்தார். 1677ஆம் ஆண்டு கார்த்திகை 15ஆந் தேதி உயிர்கள் நெளிவதைச் சபையோர் பார்த்தனர். பேராலயச் சிற்பியான கிறிஸ்தோபர் றென்னும் பார்த்தவருள் ஒருவர். மூன்று ஆண்டுகளில், 1680இல், புடைவை வியாபாரியைக் கழகம் தன் உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. அவர் அச்சபைக்கு ஒருபோதும் போகவில்லை.

1683இல் எழுதிய கடிதம் எமது இளைஞர் யாவரும் அறியத்தக்கது. லீவன்ஹுக் நாள்தோறும் உப்பினாற் பல் விளக்கும் வழக்கமுடையவர். எமது பாட்டன்மார் உமிக்கரியும் உப்பும் கொண்டு விளக்கியதை இது நினைவூட்டுகின்றது. அப்படியிருந்தும் பல்லிடுக்கில் மாவுபோன்று வெண்மையாக ஏதோ படிவதைக் கண்டு, அதை எடுத்துச் சுத்தமான மழைநீரிற் கலந்து பார்த்தார். கோலுருவானவை, சுருளுருவானவை, மீன்போலப் பாய்பவை, பம்பரம்போலச் சுழல்பவை எனப் பல இனம் தெரிந்தன. அவற்றின் படங்களையும் அனுப்பினார். பின்னர் தம் வீட்டுப் பெண்களின் வாயிலும், ஒரு குழந்தையின் வாயிலும், பிறந்தநாள் முதற் பல் விளக்கியறியாத முதியவர் ஒருவரின் வாயிலும் எடுத்துப் பார்த்தார். முதியவர் வாயில் அவை கூட்டங்கூட்டமாக இருந்தன. தம் ஒரு வாயில் வாழும் உயிர்களின் தொகை, தம் தேசத்து மக்கள் யாவரின் தொகையையும் விஞ்சும் என்று கணக்கிட்டார். சில ஆண்டு கழித்து, சூடான கோப்பி குடித்த பின் முன்பற்களில் எடுத்தவற்றுள் உயிருள்ளவை இல்லாதிருப்பதையும் குறித்து வைத்தார். சூடு நுண்ணுயிரைக் கொல்லும் என்பதற்கு ஆதாரம் அவர் நாக்கின் நுனியிலேயே இருந்தது! ஆயினும் நோய்க்கும் இவ்வுயிர்களுக்கும் தொடர்பு உண்டோ என்று அவர் தேடிச் செல்லவில்லை.

பெரியோர்க்கு ஒன்று கூறவேண்டும். உயிர்களின் நால்வகைத் தோற்றத்துள் வேர்வையிற் பிறப்பன என ஒரு வகுப்பை எம் நூல்கள் வகுத்துள்ளன. பேன் முதலியன அதனுள் அடங்கும். கிரேக்க அறிஞர் அரிஸ்ரோட்டில் காலந்தொட்டு ஐரோப்பியரும் அவ்வாறே கொண்டனர். அழுக்கிலிருந்து தெள்ளும், தானியத்திலிருந்து வண்டும் தாமே உண்டாகும் என்பது அவர் துணிபு. இரு நாட்டாரும் ஒன்றையே எண்ணியதற்குக் காரணம், இரு நாட்டாரின் வெறுங்கண்ணும் ஒன்றே என்பதுதான். பேனின் முட்டையைக் கண்டவரும் அது பொரித்து வளரும் கணக்கைக் கண்டதில்லை. லீவன்ஹுக் பேன்களைத் தம் காலுறைக்குள் விட்டு, அதைக் காலோடு இறுகக் கட்டி, பல நாள் அணிந்திருந்து, இட்ட முட்டைகளை எண்ணினார். இரண்டு மாதத்தில் எத்தனை ஆயிரமாகப் பெருகும் என்று கணித்தார். இறுதியில் அருவருப்புத் தாளாமற் காலுறையைத் தெருவில் எறிந்தார் என்று அவரே எழுதியுள்ளார். தெள்ளை முட்டை, புழு, கூட்டுப்புழு, தெள்ளு என முழுச் சக்கரமாக வளர்த்துப் பார்த்தார். தானிய வண்டும் வண்டின் முட்டையிலிருந்தே பிறக்கின்றது என்று நிறுவினார். தெள்ளுக்கும் யானைக்கும் பிறப்பின் முறை ஒன்றே என்ற எண்ணம் அவரை மிக மகிழ்வித்தது. இதனால் எம் முன்னோரின் நூல்களுக்கு இழுக்கு உண்டென்று நாம் கருதவில்லை. அவர்கள் கையில் வில்லை இல்லை.

இரத்தவோட்டம் பற்றி அவர் கண்டதைச் சுருக்கிக் கூறுவோம். 1661இல் இத்தாலிய நாட்டு மல்பீகி தவளையின் நுரையீரலில் மயிர்க்குழாய்களைக் கண்டிருந்தார். லீவன்ஹுக் 1688இல் வாற்பேத்தையின் வாலிலும், பின்னர் விலாங்கு மீனின் வாலிலும், செங்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மயிர்க்குழாயினூடே செல்வதைக் கண்டு விரிவாக எழுதினார். மீனின் செங்கலங்களைப் பார்த்து அவற்றின் நடுவே தெளிந்த ஒரு புள்ளியையும் வரைந்தார். அதுவே கரு. அதற்குப் பெயரிட்டு அதன் பெருமையை உணர்த்தியவர் 1831இல் றொபேட் பிறவுண். தாவரம் யாவும் கலங்களால் ஆனவை என்று சிலைடன் 1838இலும், விலங்குகளும் அவ்வாறே என்று சுவான் 1839இலும் கூறினர். லீவன்ஹுக்கின் கடிதங்களில் கற்கள் யாவும் கிடந்தன. கோயில் கட்டப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

ஏன் இத்தனை தாமதம்? இவ்விடத்தில் நாயகரின் குற்றத்தையும் சொல்லாது விடுதல் முறையன்று.

அவர் புகழ் பரவியபோது டெல்வ்ற் வீட்டு வாயிலில் பிரபுக்களும் அறிஞரும் வந்து நின்றனர். 1698இல் உருசிய நாட்டுச் சக்கரவர்த்தி மகா பீற்றர் வாய்க்காலிற் படகை நிறுத்தி அவரை அழைப்பித்தார். லீவன்ஹுக் விலாங்கின் வாலில் இரத்தம் ஓடுவதைக் காட்டினார். வந்தவர்க்கெல்லாம் சாதாரண கருவிகளைக் காட்டுவார். மிகச் சிறந்தவற்றைத் தமக்கென்றே வைத்திருப்பதாகச் சொல்லுவார். அவற்றை எவரும் பார்த்ததில்லை. தாம் ஆக்கிய 500க்கு மேற்பட்ட வில்லைகளுள் ஒன்றையேனும் விற்றாரல்லர். நுண்ணிய உயிர்களைக் காணத் தாம் கையாண்ட முறையையும் ஒருவருக்கும் கூறினாரல்லர். இளைஞரைச் சேர்த்து இக்கலையைப் பயிற்றலாகாதா என்று ஜேர்மன் அறிஞர் லைப்னிற்ஸ் எழுதிக் கேட்டார். லீவன்ஹுக் மறுத்தார். கற்கவருவோர் பணத்தையும் புகழையும் நாடியே வருவர், ஆயிரத்தில் ஒருவருக்கும் இதற்கேற்ற பொறுமை இராது என்பது அவர் விடை.

இவ்விடையை நாம் பலமுறை சிந்தித்தோம். அதில் உண்மை ஒரு பங்கு உண்டு. காற்றுக் குமிழில் கருவை வரைந்த மாணாக்கர் அதை மறுக்க முடியாது. ஆயினும் அந்த ஆயிரத்தில் ஒருவன் எங்கோ இருந்திருப்பான். அவன் டெல்வ்ற் வாயிற்படிவரை வந்து திரும்பியும் இருப்பான். எமது நாட்டிலும் பரிகாரிமார் சிலர் கைகண்ட மருந்தை மகனுக்கும் சொல்லாது தம்மோடு கொண்டுபோயினர் என்று முதியோர் வருந்திச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தாம் கண்டதையெல்லாம் உலகுக்குத் தாராளமாய் வழங்கிய ஒருவர், காணும் வழியை மாத்திரம் பூட்டிவைத்தார். அவருக்குப் பின் பற்றீரியாவைத் தொடர்ந்து ஆராய்வார் அருகினர். கூட்டு நுணுக்குக்காட்டியின் குற்றங்களை 1830 அளவில் லிஸ்ரர் என்பார் திருத்திய பின்னரே அக்கருவி மெய்யாகப் பயன்பட்டது. பாஸ்ரரும் கொக்கும் நுண்ணுயிர்களே பல நோய்களுக்குக் காரணம் என்று நிறுவியது, மிளகுநீர்க் கடிதத்துக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகளின் பின்னரேயாம். இத்தாமதம் முழுவதையும் ஒருவர் தலையிற் சுமத்துதல் நீதியாகாது. ஒரு பங்கு அவருடையதே என்பது எமது கருத்து.

அவருடைய இரகசியம்தான் என்ன? 2021இல் ஒல்லாந்து ஆராய்ச்சியாளர் உற்ரெக்ற் கருவியைக் கழற்றாமலே நியூத்திரன் கதிர்களைச் செலுத்தித் தகடுகளுக்கிடையே மறைந்திருந்த வில்லையின் முழு வடிவத்தையும் கண்டனர். அது தேய்த்துச் செய்த வில்லையன்று. கண்ணாடி இழையின் நுனியை நெருப்பில் உருக்கி உருண்டையாக்கிச் செய்தது. அம்முறையை றொபேட் ஹூக் தமது நூலில் முன்னரே வெளிப்படையாக எழுதியிருந்தார்! ஒளித்து வைக்கப்பட்டது, அச்சாகிக் கடையில் விற்றுக்கொண்டிருந்த ஒன்று போலும். அப்படியாயின் ஏனையோர் ஏன் அவர் கண்டதைக் காணவில்லை? வில்லையோடு கைப்பழக்கமும் வெளிச்சத்தை அமைக்கும் முறையும், எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய விடாப்பிடியும் சேர்ந்தே அந்த இரகசியமாயிற்று என்று நாம் எண்ணுகிறோம்.

பிழைகளும் அவருக்கு உண்டு. ஆண்விந்தில் நீந்தும் உயிர்க்கலங்களை 1677இல் கண்டு எழுதியவர், அதனுள்ளேயே குழந்தை முழுவதும் அடங்கியுள்ளது, தாயின் பங்கு ஊட்டம் அளித்தலே என்று கடைசிவரை சாதித்தார். படம் வரையவும் அவருக்கு வராது. கைதேர்ந்த ஓவியரை அமர்த்தி, கருவியைக் கையிற் கொடுத்து வரைவித்தார்.

முதுமையிலும் கடிதங்கள் நிற்கவில்லை. மார்புக்குக் கீழே உதரவிதானம் விட்டுவிட்டுத் துடிக்கும் அரியதொரு நோய் அவரைப் பற்றியது. வைத்தியர் இருதயத்தின் கோளாறு என்றனர். அவர் உடன்படாமல், துடிப்பை எண்ணி, உதரவிதானமே துடிக்கின்றது என்று இலண்டனுக்கு எழுதுவித்தார். அந்நோய்க்கு இன்று அவர் பெயரே வழங்குகின்றது. 1723ஆம் ஆண்டு ஆவணி 26ஆந் தேதி, 90ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். டெல்வ்ற் நகரத்துப் பழைய கோவிலில் அவரை அடக்கஞ் செய்தனர். மணம் முடியாமலே தந்தையோடு வாழ்ந்த மரியா, அவர் விருப்பப்படி 26 வெள்ளிக் கருவிகளை ஒரு பேழையில் வைத்து வேத்தியற் கழகத்துக்கு அனுப்பினாள். 19ஆம் நூற்றாண்டில் அப்பேழை காணாமற் போயிற்று. மரியா இறந்தபின் ஏனைய நூற்றுக்கணக்கான கருவிகள் 1747இல் ஏலத்திற் போயின. இன்று அவர் செய்தனவென்று சொல்லத்தக்கவை ஒரு கையும் மறு கையும் கொண்டு எண்ணக்கூடியனவே.

1981இல் பிறையன் போட் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் கழகத்தின் சுவடி அறையில் லீவன்ஹுக்கின் பழைய கடிதங்களைப் புரட்டினார். கடிதங்களின் ஓரத்தில் சிறு கடதாசிப் பொட்டலங்கள் ஒட்டியிருந்தன. திறந்தபோது தக்கைமரப் பட்டை, ஒரு செடியின் நெட்டி, பறவை இறகின் தண்டு, பசுவின் கண்நரம்பு ஆகியவற்றின் சீவல்கள் அப்படியே இருந்தன. சவரக்கத்தியால் அவரே அரிந்து, இலண்டனார் தாமே பார்த்துக்கொள்ளட்டும் என்று 1674 முதல் அனுப்பியவை. அச்சீவல்கள் உற்ரெக்ற் கருவிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் பதித்த அதே வில்லையினூடாக மீண்டும் பார்க்கப்பட்டன. 300 ஆண்டுக்குப் பின்னும் நெட்டியின் கலச்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தெளிவாக நின்றன.